முகத்தைப் பார்த்து

யூத வலைப்பதிவர்களின் சந்திப்புக்குச் சிப்போரா முதல்முறையாக வந்திருந்தாள். அவளைப் பெறுவதற்கு முன்பே அம்மா மதம் மாறி யூதரானவர். அதைப் பதிவில் எழுதியதிலிருந்து நஹூம் என்ற பதிவர் அம்மாவையும் இழுத்து, "நீ எங்க ஆளே இல்ல" என்று பின்னூட்டம் போட்டுக்கொண்டே இருந்தார். மண்டபத்தில் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுத் தேநீர் கொண்டுவந்த பெரியவரின் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையில் அந்தப் பெயர் இருந்தது. அவள் தன் பெயரைச் சொன்னாள். அவர் முகம் வெளிறியது.

அமைப்பாளர் மிரியம் பதறி ஓடிவந்தார். "நமக்குள்ள சண்டை வேணாம்மா. நாகரிகமா விட்டுடு."

"நாகரிகமாத்தான் கேக்கப்போறேன்" என்ற சிப்போரா, நஹூமின் கடைசிப் பின்னூட்டத்தைக் கைபேசியில் திறந்து நீட்டினாள். "ஐயா, இதை என் முகத்தைப் பார்த்துப் படிங்க."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நஹூம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் வார்த்தையை வாசித்தார். அதோடு நிறுத்திக் கைபேசியை அவள் பக்கமே தள்ளினார்.

"அழிச்சிடறேன்மா" என்று முணுமுணுத்தார்.

"அழிக்க வேணாம். மீதியையும் படிங்க" என்றாள் சிப்போரா. "மெதுவாவே படிங்க. நான் எங்கயும் போகப்போறதில்ல."