நலக் குறியீடு நாற்பத்தொன்று

காலை ஆறு இருபதுக்கு ஆற்றின் நலக் குறியீடு நாற்பத்தொன்று என்று பலகை காட்டியது. முந்தின நாள் இருபத்தொன்பது. மீன் வகைகள் கூடினால் குறியீடு ஏறும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் கரையிலுள்ள ஊரைக் காலி செய்துவிடுவார்கள். அதிகாரி மறுநாள் வந்து எடுக்கும் கணக்கே முடிவானது.

தினமும் மீன் வகைகளை எண்ணும் வேலாண்டிக்கு, ஒரே நாளில் பன்னிரண்டு கூடியது சந்தேகமாக இருந்தது. ஆற்றில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. கரையோரமாகவே நடந்து தேடினான். மூன்று நாளாகக் காணாமல்போயிருந்த அவன் அண்ணன் தண்ணீரோரக் கோரைப் புல்லுக்குள் பிணமாகக் கிடந்தான். உடலைச் சுற்றிப் பதினாறு வகை மீன்கள் மொய்த்தன.

பின்னாலேயே வந்த அண்ணன் மனைவி முப்பிடாதி, சேலையைச் செருகிக்கொண்டு இறங்கப் போனாள். வேலாண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க தம்பி. அவுகள மீனு கடிக்குது."

"எறங்காதீங்க மதினி. சேறு கலங்குனா எல்லாம் ஓடிப்போயிரும்."

"உங்க கூடப்பொறந்தவுகதான?"

"ஆமா. ஆத்துல கால் நனைச்சாருன்னு போன மாசம் ஊரே அவரைக் காறித் துப்புச்சு. இன்னைக்கு அவராலதான் ஊரு நிக்கப்போவுது."

"என் பிள்ளையளுக்கு அவுக மூஞ்சியக் காட்டணும்."

"பிள்ளையளுக்கு வீடு வேண்டாமா? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கெடக்கட்டும். என்ன மதினி?"