மூட்டை அவிழும் நேரம்

"இவ எழுதின ப்ரோகிராம்தான். ஸ்கேன் படம் திறக்கறதுக்குள்ள நோயாளிக்குத் தானாவே குணமாயிடும்!"

கணவன் இப்படிச் சொன்னதும், விருந்துக்கு வந்திருந்த நாத்தனார் குடும்பமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டெக்னீஷியன். சுருக்கி ஒரே மூட்டையாகக் கட்டி வைத்த ஸ்கேன் படங்களை அங்கே விரித்துக் காட்டுவது அவள் எழுதிய ப்ரோகிராம். அது விரிப்பதற்குள் நாலு கொட்டாவி விட்டுவிடலாம் என்பது உண்மைதான். அதற்காகக் கட்டின புருஷனே மானத்தை வாங்குவதா?

போதாக்குறைக்கு, கொஞ்ச நாளாக விடிவதற்கு முன்பே 'வாக்கிங்' என்று கிளம்பி, அப்படியே டியூட்டிக்குப் போய்விடுகிறான். குழந்தையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவதெல்லாம் அவள் தலையில்.

"ஏங்க, இவ்வளவு நடந்தும் தொப்பை அப்படியே இருக்கே?"

"அதுவும் உன் ப்ரோகிராம் மாதிரிதான். மெதுவாத்தான் கரையும்."

ஒருநாள் வெளியூர் போய் வந்தவன், பெட்டிக்குள் கையை விட்டுத் துண்டை மட்டும் உருவினான்.

"மொத்தத்தையும் எடுத்து வெச்சா என்னவாம்?"

"இப்போதைக்குத் துண்டு போதும்."

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

அட! ப்ரோகிராமும் மொத்த மூட்டையையும் அவிழ்த்த பிறகுதானே முதல் படத்தையே காட்டுகிறது? டாக்டர் கேட்கும் படத்தை மட்டும் முதலில் உருவினால்?

சோறு தண்ணி மறந்து எழுதினாள். எழுதியதை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்ப் போட்டாள்.

தலைமை டாக்டர் ஒரு படத்தைத் தட்டினார். கண் இமைப்பதற்குள் திரையில் வந்தது! இன்னொன்று. அதுவும்!

"சபாஷ்!" டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இதை என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க டாக்டர். பார்க்கறவங்ககிட்டல்லாம் என்னைக் கேலி பண்றார்."

"அவரா?" டாக்டர் வியப்பாகப் பார்த்தார். "போன மாசமே இந்த ப்ரோகிராமைத் தூக்கிடலாம்னு இருந்தோம். அவர்தான் கெஞ்சினார். 'அவ விடமாட்டா சார், சரி பண்ணிடுவா. அதுவரைக்கும் நீங்க வர்றதுக்குள்ள நான் எல்லாப் படத்தையும் திறந்து வெச்சுடறேன்'னு."

"எல்லாத்தையுமா? எப்போ வந்து?" என்றாள்.

"தினமும் விடியறதுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்துடறார். நாளையிலேர்ந்தாவது மனுஷனைக் கொஞ்சம் தூங்க விடுங்கம்மா!"