அடிக்குறிப்பில் அம்மா

ஜெனிட்டாவின் கட்டுரையில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது. கணவன் கூப்பிட்டதும் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் ஒரு பெண்ணைப் பற்றிய கவிதைக்கு விளக்கம் எழுதும் கட்டுரை அது. வகுப்பில் எல்லோரும் ‘நாணம்’ என்று எழுதினார்கள்; அதற்கு நூறு ஆதாரங்கள் கிடைத்தன. ‘அடிக்கும்போது கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கிழிக்கும், அதனால்தான் கழற்றுகிறாள்’ என்று இவள் எழுதியிருந்தாள்.

“ஆதாரம் இல்லாத கருத்துக்கு மதிப்பெண் இல்லை,” என்றது பள்ளிச் செயலி.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மதிப்பெண்ணைக்கூட விட அவளுக்கு மனமில்லை. உண்மைதானே என்று அடிக்குறிப்பில் தட்டினாள்: ‘என் அம்மா, எங்கள் வீட்டு அடுக்களை.’

சிவப்பு பச்சையானது. அப்பாடா என்று அவள் நிமிர்வதற்குள் கீழே இன்னொரு வரி வந்தது: ‘ஆதாரத்தைச் சரிபார்க்கக் குடும்பத் தலைவருக்கு அனுப்பப்பட்டுள்ளது.’

முன்னறையில் அப்பாவின் போன் அவளுடைய வளையல் வரியை அடிக்குறிப்போடு சேர்த்துக் கணீரென்று வாசித்தது. “இது சரியா, தவறா?” என்று கேட்டது.

அவர் டிவியை அணைத்தார்.

ஜெனிட்டா ஓடிப்போய் முன்னே நின்றாள். “அப்பா, மார்க்குக்காகச் சும்மா எழுதுனேம்ப்பா.”

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அடுக்களைப் பக்கம் திரும்பி, “ஏட்டி, கொஞ்சம் இங்க வா,” என்றார் மெதுவாக.

“இந்தா வாறேன்,” என்றாள் அம்மா.

அடுப்பு மேடையில் வளையல்களை ஒவ்வொன்றாக வைக்கும் சத்தம் கேட்டது.