பூமாலையின் பூட்ஸ்

மறைந்த என் மனைவி பூமாலை அப்போது வேப்பந்தட்டையில் நர்ஸ். மலையில் கக்குவான் இருமல் பரவிய வருஷம் அது. வாரம் ஒருநாள் பச்சைமலை ஏறிக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். செருப்பு வழுக்கி இரண்டு முறை விழுந்துவிட்டாள்.

பெரம்பலூர்க் கடையில் அவளுக்கு பூட்ஸ் கேட்டேன்.

"பொம்பளைக்கா? பட்டாளத்துல சேத்துட்டீங்களா சார்?" என்று சிரித்த கடைக்காரர், பையன்கள் அளவில் ஒன்றைக் கொடுத்தார். அடி தேயாமலிருக்க லாடம் அடித்தேன். வாரந்தோறும் விளக்கெண்ணெய் பூசினேன்.

கால் பிழைத்தது. ஆனால் மூன்று வாரமும் அவள் சோர்ந்துபோய்த் திரும்பினாள்.

"ஊரே காலிங்க. ஊசின்னா ஓடிடுறாங்க. ஊரோரத்துல புதுசா ரெண்டு சின்னக் குழிமேடு இருக்கு."

நான்காம் வாரம் அவள் மலையேறிய பிறகு, சந்தையில் கடுக்காய் விற்ற மலைக்காரி குஞ்சம்மாளிடம் கேட்டேன்.

"ஊசிக்கு ஏம்மா இப்படிப் பயப்படுறீங்க?"

"ஊசிக்கு என்னா பயம் சாமி? நர்சம்மாவத்தான் ஒரு மாசமாக் காணோம். சாராயம் புடிக்கிற போலீசுதான் வாராவாரம் வருது. பாறையில பூட்ஸ் சத்தம் கேட்டதும் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடிடுறோம்."

அன்று காலையும் நாடாவை நான்தான் இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தேன்.