உருள விடு

"மோட்டாரை நிறுத்துய்யா! காதுல விழலையா?"

ரயில் என்ஜினுக்குள் இன்ஸ்பெக்டர் கத்தினார். டிரைவரின் கை அசையவில்லை.

இறக்கம். மோட்டாரே வேண்டாம், ரயில் தானாக ஓடும். எதிரே இருந்த திரையும் அதைத்தான் சொன்னது: ‘உருள விடு.’ மின்சாரம் மிச்சமாகும் என்று அந்த இரண்டு வார்த்தையை அதில் ஏற்ற வைத்ததே இன்ஸ்பெக்டர்தான்.

எல்லா டிரைவரும் கேட்கிறார்கள். இந்த மனுஷன் மட்டும் நாற்பத்தேழாவது கல் வந்தால் பிரேக் போடுகிறார், உடனே மோட்டாரை உறும விடுகிறார். இரட்டைத் தண்டம்.

"உனக்கென்ன கிறுக்கா? இன்னைக்கும் இப்படி ஓட்டினா வேலை காலி, தெரியுமில்ல?"

"தெரியும் சார். வெளிய பாருங்க."

விடிந்தும் கலையாத பனி. தண்டவாளத்தை ஒட்டி ஒரு பெண் நின்றாள். செருப்பு கையில், வெறுங்கால் தரையில். முகம் ரயில் பக்கம் திரும்பவே இல்லை.

"கண்ணு தெரியாது சார். காலாலதான் கேப்பாங்க. மோட்டார் அதிர்ந்தா நிப்பாங்க. சும்மா உருண்டு வர்ற வண்டி பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியாது, தாண்டிடுவாங்க."

"ஹாரன் எதுக்கு இருக்கு?"

"பனியில அது எந்தப் பக்கமிருந்து வருதுன்னே புரியாது."

ரயில் கடந்தது. அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அடுத்த ஸ்டேஷனில் அவர் குரல் இறங்கிவிட்டது.

"முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? அந்த அம்மா வீடு எங்கே? நடைபாலம் கேட்டு எழுதறேன்."

டிரைவர் அவரையே பார்த்தார்.

"உங்க கண்ணுக்கும் தெரிஞ்சாங்களா சார்?"

"என்னய்யா உளர்றே?"

"அவங்க போன வருஷமே இங்க அடிபட்டுச் செத்துட்டாங்க. சத்தமில்லாம உருட்டிட்டு வந்தது நான்தான். மிச்சம் பிடிச்சதுல முதல் ஆளுன்னு அந்த மாசம் கப் கொடுத்தது நீங்க."



‘அந்த ஆளை இறக்கிவிட்டு, எப்படி ஓட்டணும்னு நீங்களே ஓட்டிக் காட்டுங்க’ என்று அன்று மாலை இன்ஸ்பெக்டருக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர்தான் ஓட்டினார். டிரைவரை இறக்கவில்லை, பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்.

அதே பனி. நாற்பத்தேழாவது கல். திரையில் எழுத்து மின்னியது: ‘உருள விடு.’

இன்ஸ்பெக்டர் விடவில்லை.