இடது கன்னத்தில் தழும்பு

“யார் பார்த்த வேலை இது?”

ஸ்டூடியோவுக்குள் வந்ததும் வராததுமாக, பத்திரிகை ஆசிரியர் குராமோச்சி அந்த வாரத்து இதழை மேஜைமேல் வீசினார். ஓவியக் குரு ஐகராஷி சென்செயின் சித்திரக்கதைப் பக்கம் விரிந்து கிடந்தது.

“சிவப்பு வீரன் தெப்பெய்க்கு வலது கன்னத்துல தழும்பு. அதே முகம் கொண்ட எதிர் உலகத்து வில்லன் தெப்பெய்க்கு இடது கன்னத்துல. சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். இங்க இடது பக்கம் போட்டிருக்கு! வில்லன், நம்ம வீரர்களோட உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுறான்! காலையிலேர்ந்து போன் ஓயல.”

முகத்தைச் சென்செய் வரைவார். முடிக்குக் கறுப்பும் கன்னத்துத் தழும்பும் உதவியாளர்கள் பாடு.

“தலைமை ஆசிரியர் சொல்லிட்டார். செஞ்சவங்க இன்னிக்கே வெளியே. அப்புறம் எந்த ஸ்டூடியோவும் சேர்க்காது.”

சிஹாருவும் அந்த உதவியாளர்களில் ஒருத்தி. ஈர மை கையில் இழுபடாமல் இருக்கத் தாளைத் தலைகீழாகத் திருப்பித் தழும்பு போட்டவள் அவள்தான். அவசரத்தில் இடமும் வலமும் மாறிவிட்டன. இந்த வேலையும் போனால் சொந்த ஊர் அகிதாவுக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

“வாயைத் திறக்காதே” என்று கிசுகிசுத்தான் பக்கத்து மேஜை கசாமா. “கிழவருக்குக் காகிதத்துல இருக்கிறவங்கதான் சொந்தம். தெப்பெய் பொறந்தநாளுக்குக் கேக் வெட்டுறார். எனக்குக் காய்ச்சல்னா, ‘கோடு நேரா வருமா?’ன்னு கேக்குறார்.”

பொய்யில்லை. போன வருஷம் வாசகர் ஓட்டு சரிந்தபோது, தெப்பெய்யைச் சாகடிக்கச் சொல்லிக் குராமோச்சி கெஞ்சினார். தொடரையே நிறுத்தினாலும் சரி, அவன்மேல் கைவைக்க மாட்டேன் என்றுவிட்டார் சென்செய்.

சிஹாரு எழுந்தாள். “சார், நான்தான்...”

“உட்காரு!” தன் மேஜையிலிருந்தே சென்செய் உறுமினார். பிறகு குராமோச்சி பக்கம் திரும்பினார். “இது தப்புன்னு உங்களுக்கு யார் சொன்னது, ஆசிரியரே?”

“தப்பு இல்லையா?”

“அங்க சாப்பிடுறவன் வில்லன்தான். போன வாரம் எதிர் உலகத்து வாசலைத் தாண்டினாங்களே, அப்பவே ஆள் மாறியாச்சு.”

குராமோச்சி அசந்துபோனார். “அப்ப நம்ம தெப்பெய்?”

சென்செய் பேனாவை எடுத்தார். மறுபடி வைத்தார்.

“செத்துட்டான்.”

“திரும்பி வரமாட்டானே? ஏமாத்தினா பசங்க நம்மளை உரிச்சுடுவாங்க.”

“அடுத்த வாரம் பிணத்தையே காட்டுறேன். போதுமா?”

“போன வருஷமே இதுக்குத்தானே தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேன்!” குராமோச்சிக்கு முகமெல்லாம் பல். போனைக் காதில் வைத்தபடியே படியிறங்கி ஓடினார். வேலைநீக்கம் அவருக்கு ஞாபகமே இல்லை.

சிஹாரு சென்செயின் மேஜைமுன் போய்க் குனிந்து நின்றாள். நிமிர முடியவில்லை.

“என் தப்புக்காக தெப்பெய்யைக் கொன்னுட்டீங்களே, சென்செய்...”

அவர் அதற்குள் வெள்ளைத்தாளை இழுத்துப் பிணத்தை வரைய ஆரம்பித்திருந்தார். கோடு நேராக வரவில்லை. குரல் மட்டும் கடுகடுவென்றே வந்தது.

“அவனுக்கு எத்தனையோ உலகம் இருக்கு. உனக்கு இது ஒண்ணுதானே இருக்கு?”