இரண்டு நிமிடம்

ஏறி டிரைவருக்குப் பின்னால் நின்றேன். எல்லோரும் ஏறியும் பேருந்து நகரவில்லை.

“என்ன டிரைவரே, வண்டி வேர் விட்டுடுச்சா?” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“ரெண்டு நிமிஷம் சார். ஒரு பொண்ணு ஓடி வரும்.”

“ஆபீஸ்ல எனக்காக அந்தப் பொண்ணா வந்து பதில் சொல்லும்?”

டிரைவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “கால் ஆபரேஷன் தம்பி. ஒரு மாசம் லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வரேன். அந்தப் பொண்ணு தினமும் ‘புருஷனுக்கு டப்பா கட்டுறதுல லேட்டாயிடுச்சுண்ணா’ன்னு சொல்லிக்கிட்டே ஏறும். என் இடத்துக்கு வந்தவர்கிட்ட, அதுக்காகக் கொஞ்சம் நில்லுங்கன்னு சொல்ல மறந்துட்டேன். என்ன பாடுபட்டுச்சோ!”

அவர் பார்வை பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்த சாலையிலேயே இருந்தது.

“வண்டியை எடுங்கண்ணே. அவங்க வரமாட்டாங்க” என்றேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“பக்கத்து வீடு. வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிட்டாங்க.”

“அப்பாடா! எங்கயோ நல்லா இருந்தாச் சரி. இனிமே ஓட வேண்டாம்ல?”

“வேண்டாம்ண்ணே.”

வண்டி கிளம்பியது.

மூன்று வாரத்துக்கு முன்பு, என் டப்பாவின் மூடியைத் தேடியதில் என் மனைவிக்கு இரண்டு நிமிடம் தாமதமானது. புது டிரைவர் நேரத்துக்கு வண்டியை எடுத்துவிட்டார். அதைப் பிடிக்கச் சாலையின் குறுக்கே ஓடியவள் வீடு திரும்பவில்லை.

மூடி என் பையின் அடியில்தான் கிடந்தது.